வீட்டைப் பார்த்து ஓடிய தண்ணீர்

விடிவதற்கு முன்பே மிக்சர் மெஷின் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்துவரப்பட்ட அந்த இரும்புப் பானை ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறிக் குதித்தது. யாரும் யார் கதவையும் தட்டவில்லை. ஆனாலும் எல்லாக் கதவுகளும் திறந்தன. வாயில் பிரஷ்ஷோடு சிலர், கையில் டீ டம்ளரோடு சிலர். கல்யாண வீட்டில் மேளம் வந்து இறங்கியது போல எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

நைட்டிக்கு மேல் தம்பியின் பழைய சட்டை, தலையில் துண்டு, ஆபீசுக்கு லீவு. வழக்கமாக பெங்களூர் ரயிலைப் பிடிக்கக் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடும் நேரம் அது. அன்றைக்கு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் ரயில் கூவிவிட்டுப் போனது. போ, நீ போ, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மெஷின் சுழலத் தொடங்கியது. ஜல்லி விழுந்தது, எம்-சாண்ட் விழுந்தது, சிமெண்ட் ஒரு சாம்பல் மூச்சை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனது, பிறகு தண்ணீர். கல்லின் கடகடப்பாக இருந்த சத்தம் மெல்ல மெல்ல இளகி, சோறு கொதிக்கும் சத்தமாக மாறியது. அந்த மாற்றத்தைக் காதால் கேட்பதற்காகவே ஒருமுறையாவது வீட்டு வேலை வைத்துப் பார்க்கலாம்.

மேஸ்திரி முனிராஜு பேத்தமங்கலம் பக்கத்து ஆள். கன்னடத்தில் யோசித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் வேலை வாங்குகிறவர். "பேக பேக, அக்கா. சூரியன் வர்றதுக்குள்ள சந்து முடியணும்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். முன்வாசலிலிருந்து வீட்டின் பக்கவாட்டில் ஓடி, பின்னாலிருக்கும் பாத்ரூமில் முடியும் சந்து அது. அந்த ஒரு வழிக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

வெளிச்சம் வருவதற்குள் சந்து முழுக்கக் கலவை பரவிவிட்டது. மட்டப்பலகை இழுத்து, கரணை ஓடி, சாம்பல் நிறப் பட்டு ஒன்றை நனைத்து விரித்தாற்போல் கிடந்தது. மேலே போர்த்தக் கோணிகளை நனைத்து வைக்கலாமென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கால் இடறவில்லை. சந்தோஷத்தில்தான் குடம் தளும்பியது. ஒரு கை நீர் புதுத் தரையின்மேல் விழுந்து, எங்கே போகலாம் என்று யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது.

வீட்டைப் பார்த்து நகர்ந்தது.

சந்தின் வெளியோரத்தில் இருக்கும் சாக்கடைக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், சமையலறைச் சுவரின் அடியில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. குடத்தைக் கீழே வைத்தேன். "முனிராஜு" என்று கூப்பிட்டேன். 

ஐந்தாவது மாடி

போன மழைக்காலத்தில் அந்தச் சந்தில்தான் அம்மா விழுந்தாள்.

எங்களுடையது லைன் வீடு. தங்கச் சுரங்கமான மைன்ஸ் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. பாத்ரூம் உள்ளே கிடையாது. நடுங்கும் குளிரிலும் கொட்டும் மழையிலும் அந்தச் சந்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய கான்கிரீட் துண்டுதுண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தூக்கியும் ஒரு துண்டு இறங்கியும் கிடக்கும். சுவரோரம் எப்போதும் ஈரம், ஈரத்தின்மேல் பாசி. அம்மாவின் கால் பாசியில் வழுக்கியது, இடுப்பு தூக்கிய துண்டின் விளிம்பில் போய் மோதியது. எலும்பு முறிவு, பெங்களூர் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், கையில் வாக்கர். அப்படியே தம்பியின் ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள். ஐந்தாவது மாடி.

தம்பி அவளை ராணி மாதிரி வைத்துக்கொண்டான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் அம்மா நின்று பேசிப் பழகியவள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வர அவளுக்கு அரைநாள் ஆகும். நடை மெதுவென்று இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அவளுக்கு ஒரு வேலை இருக்கும். வாங்க எதுவும் இல்லாத நாளில்கூட ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய், விலையெல்லாம் விசாரித்து, எல்லாரையும் திட்டிவிட்டு வருவாள்.

"இங்க இன்னா கீது?" என்பாள் போனில். "காலைல இருந்து ஒரு மனுசாள் மூஞ்சி பாக்கல. லிஃப்ட்டு மட்டும் வந்து வந்து போவுது. அதுங்கூட நிக்கறதில்ல."

தம்பி ஒருநாள் கறாராகப் பேசினான். "அக்கா, அந்தத் தரை இருக்குற கோலத்துல அம்மாவை நான் அனுப்ப மாட்டேன். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டு வரேன். வாக்கர் ஒரு இடத்துலயும் சிக்கக் கூடாது. அம்மா தானா பாத்ரூம் போய்ட்டு தானா திரும்பணும். முடியலன்னா வீட்டைப் பூட்டிடலாம். நைனாவும் இங்க வந்துடட்டும்."

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி மென்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லாமே அவருக்குக் கேட்டது. மெல்லுவதை நிறுத்தவில்லை. பட்டாணிப் பொட்டலத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், எங்கோ புறப்படச் சொல்லிவிட்டதுபோல.

பள்ளத்துக்குள் சித்திரை

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ரயில் பெட்டிக்குள் பூக்கட்டும் பெண்களைப் பற்றி எழுதியதும், ஒரு தோழி கேட்டாள், உங்கள் ஊர் என்ன மலைமேலா இருக்கிறது, எப்போதும் காற்று வீசுவதாக எழுதுகிறாயே என்று. காற்று மேலே வீசும். எங்கள் தெருவுக்குள் வராது.

தெரு ஒரு பள்ளத்தில் இருக்கிறது. கிழக்கே சயனைட் மேடு. தங்கம் எடுத்த பிறகு அரைத்துக் கொட்டிய மண், கொட்டிக் கொட்டி மலையாகிவிட்டது. மேற்கே மொட்டைப் பாறை. நடுவில் நாங்கள். சித்திரை வெயில் உள்ளே இறங்கினால் வெளியேறும் வழி தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். பகல் முழுவதும் கான்கிரீட் அதைக் குடிக்கும். பொழுது சாய்ந்த பிறகும் செருப்பு இல்லாமல் வாசலில் நிற்க முடியாது.

அப்படிக் குடித்துக் குடித்தே அந்தத் தரை வெடித்தது. கான்கிரீட்டுக்கும் மூச்சு உண்டு என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. வெயிலில் விரிகிறது, பனியில் சுருங்குகிறது. நடுநடுவே இடைவெளி விட்டுப் போட்டால் அதன்பாட்டுக்கு அசைந்துகொள்ளும். எங்கள் தரையோ ஒரே விரிப்பு. வாசல், சந்து, பின்புறம் எல்லாம் ஒரே துணியில் தைத்த சட்டை. எங்கே பிய்ந்துகொள்வது என்று அதுவே முடிவு செய்துகொண்டது.

போட்டது நைனாவும் அவருடைய கூட்டாளிகளும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நைனாவுக்கு அண்டர்கிரவுண்டில் தண்டவாளம் போடும் வேலை. ஒரு பொங்கல் லீவில் கூட்டாளிகள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். பூமிக்கு அடியில் அத்தனை ஆழத்தில் இருட்டில் வேலை பார்த்தவர்களுக்கு, மேலே வெளிச்சத்தில், நேரான தரையில் வேலை என்றால் பண்டிகைதான். அம்மா பெரிய குண்டானில் கறி சமைத்தாள். பாட்டும் கிண்டலுமாக ஒரே நாளில் போட்டு முடித்தார்கள்.

முதல் மழையிலேயே அம்மா சொன்னாள், "தண்ணி வூட்டைப் பாத்து வருது."

"மூணு பேரு மட்டம் பாத்துப் போட்டது" என்றார் நைனா. "ஒனக்குத் தண்ணியே ஒயுங்கா பாக்கத் தெரியல."

அதோடு சரி. அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி மாதிரி கிடந்தது. மழை வரும்போதெல்லாம் இருவரும் அதில் இடித்துக்கொள்வார்கள். மழை வந்தால் மற்ற வீட்டுப் பெண்கள் கொடியில் துணி எடுக்க ஓடுவார்கள், அம்மா துடைப்பம் எடுக்க ஓடுவாள். சுவரோரம் தேங்கும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வெளியே விடுவாள். தள்ளியது திரும்பி வரும். மறுபடியும் தள்ளுவாள்.

அந்தத் தரையில் வேறு விரிசல்களும் இருந்தன. அவற்றின் பழி வெயிலுக்கில்லை. அந்தக் காலத்தில் தரைக்கு அடியில் எங்கோ பாறை வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். வீடு ஒருமுறை குலுங்கும், பரணிலிருந்து டம்ளர்கள் உருளும். அடுத்த நிமிடம் தெருவே வெளியே வந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நைனா ஷிஃப்டில் இருக்கும் நாளென்றால் அம்மா வெறுங்காலோடு அந்தக் கான்கிரீட்டின்மேல் நிற்பாள். கொதிக்கும் தரையில், கால் மாற்றாமல். அவர் தெருமுனையில் தெரிந்ததும் உள்ளே போய்விடுவாள். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டாள். தட்டு எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

எந்த லெவல்?

பழையதை உடைக்க முனிராஜு ஒரு பிரேக்கர் மெஷின் கொண்டுவந்தார். அதை அவர் முதன்முதலில் தரையில் ஊன்றி அழுத்தியபோது வீட்டுக் கண்ணாடிகள் அதிர்ந்தன. என் பற்கள் அதிர்ந்தன. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பென்ஷன்காரர்கள் வெளியே வந்தார்கள். வந்த எல்லாரும், மைன்ஸ் மூடி இத்தனை காலமான பிறகும், எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. ஷாஃப்ட் பக்கம் பார்த்தார்கள்.

எதிர் வரிசை செல்வராஜ் மாமா, சுரங்கத்தின் ஒவ்வொரு ஆழத்துக்கும், லெவல் லெவலாக, ஆட்களைக் கேஜில் இறக்கி ஏற்றிய ஆள். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "எந்த லெவல்லப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"எங்க வூட்டு லெவல்லதான் மாமா."

அவர் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தன் லுங்கியைப் பார்த்தார். "கண்ணு, ஒரு வார்த்த சொல்லிட்டு ஆரம்பிக்கக் கூடாதா? நான் டிபன் பாக்ஸ் எங்கன்னு கேட்டுட்டேன் ஒங்க அத்தைகிட்ட."

உடைப்பதில் இருக்கும் சுகத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. சில துண்டுகள் முறுக்கு மாதிரி நொறுங்கின. சில ஆழமாக வேர்விட்டதுபோல் அசைய மறுத்தன. நானும் கடப்பாரை பிடித்தேன். உள்ளங்கை கொப்புளித்தது, யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது, காட்டினேன். அம்மா விழுந்த துண்டை மட்டும் நானே பெயர்த்தேன். அடியில் ஒரு மண்புழு குடும்பமே குளிர்ச்சியாக வாழ்ந்துகொண்டிருந்தது. கோபம் வரவில்லை. அதுகளை முருங்கை அடியில் கொண்டுபோய் விட்டேன். உடைந்ததையெல்லாம் அடியில் பரப்பித் திமிசு போட்டு இடித்தோம். பழைய தரை, புதுத் தரைக்கு அஸ்திவாரமாகத் தன்னிடத்திலேயே படுத்துக்கொண்டது.

உடைப்பதற்கு முன்னால் ஒன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். முனிராஜு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையை வெளியோரத்திலும் பிடித்து மட்டம் பார்த்தார். சுவரோரம்தான் பள்ளம். சந்து முழுக்க அப்படியே. நான் உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அம்மா, வாட்டம் வூட்டைப் பாத்துதாம்மா கீது."

அம்மா ஃபிளாட் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "போனை அவராண்ட குடு" என்றாள்.

நைனா பாத்ரூமுக்குப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

அடுத்து சில நாட்கள் அவர் சந்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முனிராஜு முளையடிப்பதையும் பலகை வைப்பதையும் நூல் கட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சுவரோரம் உயரம், சாக்கடையோரம் தாழ்வு. கலவை போடுவதற்கு முந்தின மாலை, எல்லாம் தயார், நாளை விடியலில் மிக்சர் வரும் என்று சொல்லிவிட்டு முனிராஜு பைக்கை உதைத்தார். நான் சந்தோஷத்தில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு உள்ளே வந்தேன். நைனா மட்டும் வெளியே இருந்தார்.

வெயில் வருவதற்குள்

நான் கூப்பிட்டதும் முனிராஜு வந்தார். சுவரடியில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, நூலைப் பார்த்தார்.

"ஏனாயித்து இது, என்ன ஆச்சு? அக்கா, நான் கட்டின நூல் இது இல்ல. ஆணியே வேற இடத்துல இருக்குது."

வெளியோரப் பலகையின் அடியில் யாரோ கல் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். இருட்டில், அவசரத்தில், யாரும் கவனிக்கவில்லை.

"நான்தான் மாத்தினேன்" என்றார் நைனா. கையில் டீ டம்ளர். உதவி செய்தவரின் நிம்மதியான குரல். "நேத்து நீ போனப்புறம் பாத்தேன். தப்பா கட்டிட்டிருந்த. தண்ணியெல்லாம் வெளிய போவுற மாதிரி. சரி, அவசரத்துல மறந்துட்டாம்போலன்னு ஒயுங்கு பண்ணி வச்சேன்."

"வெளியதான் சார் போவணும்."

"வெளிய போச்சுன்னா எப்படிப்பா எடுப்ப? தண்ணி ஷாஃப்ட் பக்கம் வந்தாதான் பம்ப்பு புடிக்கும். லோடு வண்டியும் தானா உருண்டு வரும். தண்ணிய உள்ள போவ உட்டன்னா, ஆளு கீற எடத்துல போய் நின்னுக்கும். அப்பறம் ஆளு..."

 டம்ளரைப் பிடித்திருந்த கை அந்தரத்தில் நின்றது.

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. செல்வராஜ் மாமாதான் நைனாவிடம் மெதுவாகச் சொன்னார், "டேய் பெருமாளு. இங்க ஏதுடா ஷாஃப்ட்டு? அது ஒன் அடுப்படிடா."

ஒருவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

நைனா சுவரடியைப் பார்த்தார். ஒரு கை அளவுத் தண்ணீர், சொன்னபடி வந்து காத்துக்கொண்டிருந்தது. அன்றைய பொங்கல் லீவில் மூன்று பேர் மட்டம் பார்த்ததும் உண்மைதான், சரியாகத்தான் பார்த்தார்கள். மூன்று பேருடைய கண்ணும் பூமிக்கு அடியில் பழகிய கண். அங்கே தரை ஷாஃப்டைப் பார்த்துச் சரிய வேண்டும், இங்கே அவர்கள் வீட்டையே ஷாஃப்டாக்கிவிட்டார்கள். எனக்கு அந்த நொடியில்தான் அது முழுதாக விளங்கியது. அவருக்கும் அப்போதுதான்.

"அப்போ அவ உயுந்தது..." என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். மேட்டின் உச்சியில் வெள்ளைக்கோடு விழுந்துவிட்டது. வெயில் தெருவுக்குள் இறங்கிவிட்டால் கலவை இறுகத் தொடங்கிவிடும். இறுகிவிட்டால் மறுபடியும் உடைக்க வேண்டும், மறுபடியும் எல்லாம், ஞாயிற்றுக்கிழமை நமக்காகக் காத்திருக்காது.

"நைனா, அந்தப் பலகையப் புடி. வெயில் வந்துரும்."

அவர் டம்ளரை எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. மண்டியிட்டார். பலகைக்கு அடியில் தான் கொடுத்த கற்களைத் தானே சுத்தியால் தட்டித் தட்டி வெளியேற்றினார். பலகை ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு முனகலோடு இறங்கியது.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு துள்ளுகிறது. செல்வராஜ் மாமா தெருவைப் பார்த்துத் திரும்பி, "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு, இறங்குங்கப்பா" என்று குரல் கொடுத்தார். மம்முட்டியோடு வந்தார்கள், கலவை அள்ளும் பாண்டோடு வந்தார்கள், பக்கத்து வீட்டு கிரேசி தோசைக் கரண்டியை மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். என் வயது அவளுக்கு, சேர்ந்து பள்ளிக்கூடம் போனவள். "இன்னா செய்யணும் சொல்லு" என்றாள். "அந்தாண்ட இருக்கறத இந்தாண்ட இழு" என்றேன். அவ்வளவுதான் வேலை. கலவை அதேதான், அளவு அதேதான், உயரம் மட்டும் இடம் மாற வேண்டும். சாக்கடையோரத்திலிருந்து சுவரோரத்துக்கு இழுத்தோம். ஈரக் கலவையின் கனம் இருக்கிறதே, தூங்கும் குழந்தையைத் தூக்குகிற கனம், எல்லாப் பக்கமும் ஒழுகும் கனம்.

முனிராஜு சுவரில் ஆணி மாற்றி நூலை இழுத்துக் கட்டினார். மட்டப்பலகையின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினார். நைனா கையை நீட்டினார்.

முனிராஜு ஒரு நொடி தயங்கினார். "சார், உங்க கை பழைய பக்கம் போவும்."

"போனா தட்டு" என்றார் நைனா.

இருவரும் இழுத்தார்கள். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து, சுவரிலிருந்து வெளியே தணிந்து வருமாறு. நைனாவின் உடம்பு முழுவதும் எதிர்ப்பக்கம் சாயத் துடிப்பதை நான் பார்த்தேன். தோள் எழும்பும், அவரே அதை அழுத்துவார். இரண்டு இடத்தில் முனிராஜு தட்டினார். மேலே வெயில், ஓட்டுக் கூரையில் இறங்கி, ஜன்னல் மேல்விளிம்புக்கு வந்து, ஜன்னலைத் தின்றுகொண்டே கீழே வந்தது. முன்னால் நாங்கள் ஓடினோம், பின்னால் வெயில் ஓடி வந்தது. முனிராஜு மெல்லிய மரப்பட்டி அழுத்தி நடுநடுவே இடைவெளி பிரித்தார். வாக்கரின் ரப்பர் கால் வழுக்காமலிருக்க கிரேசி புது விளக்குமாற்றால் குறுக்கே வரி வரியாகக் கீறிக்கொண்டே பின்வாங்கினாள்.

வெயில் தரையைத் தொட்டபோது நாங்கள் நனைந்த கோணிகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.  நான் குடத்திலிருந்து ஒரு கை நீர் அள்ளி விட்டேன். அது சாக்கடையைப் பார்த்து ஓடியது. தெருவில் எழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து லைனிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள், இங்கே யாருக்குக் குழந்தை பிறந்தது என்று.

கடைசி அலசல்

போட்டுவிட்டால் ஆயிற்றா? சித்திரையில் புதுத் தரைக்குத் தாகம் தீராது. ஓரமெல்லாம் மண்பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், கோணி காயக் கூடாது. எங்கள் பக்கமோ குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்தக் குழாய்க்கே தெரியாது.

தெரு தண்ணீர் கொடுத்தது. கேட்காமலே கொடுத்தது. காலையில் எழுந்து பார்த்தால் கேட் அருகே ஒரு வாளி. சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு குடம். "துணி அலசினதுதான், கடைசி அலசல், சோப்பு இல்ல" என்று கிரேசி குடத்தை இறக்கிவிட்டுப் போவாள். யாரோ அரிசி களைந்த நீர் கொண்டுவந்தார்கள். நைனா அத்தனையையும் வாங்கி, சொட்டு சிந்தாமல், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினார். ஊற்றி முடித்ததும் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். ஒவ்வொரு முறையும் பார்ப்பார்.

மாதக் கடைசி ஞாயிறு

தம்பியின் கார் வந்து நின்றது. அம்மாவை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு அவன் முதலில் இறங்கினான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி சந்தைச் சுற்றிப் பார்த்தான். விளிம்புகளைக் காலால் தடவினான். வாக்கரைத் தானே எடுத்து, அதன்மேல் குனிந்து, பாத்ரூம் வரை நடந்து திரும்பினான். செல்வராஜ் மாமா எதிரிலிருந்து, "மாப்ள, ஒனக்கும் வயசாயிடுச்சே" என்றார். தம்பி சிரிக்காமல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். அது விளக்குமாற்று வரிகளுக்குள் புகுந்து, தயங்காமல், வெளியே போய்ச் சேர்ந்தது.

கார் கண்ணாடி இறங்கியது. "இப்பதான் தண்ணிக்கு வயி தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரிஞ்சுது" என்றார் நைனா.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மெலிந்திருந்தார். "சாப்ட்டியா இல்லியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னாள்.

யாரும் தொடக் கூடாது என்றாள். வாக்கரை ஊன்றினாள், ஒரு கால் வைத்தாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். ரப்பர் கால்கள் வரியில் பதிந்து, எழும்பி, பதிந்து போயின. அவள் விழுந்த இடம் வந்தது. அங்கே நின்று சுவரைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. புறங்கையாலும் ஒருமுறை தடவினாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே வாளி நகரும் சத்தம், குவளைச் சத்தம். வெளியே நாங்கள் ஐவரும், செல்வராஜ் மாமாவும் கிரேசியும் சேர்த்துத்தான், ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது திறந்தது. முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

"சரிம்மா" என்றான் தம்பி.  "நீ இங்கயே இருந்துக்கோ."

நான் கிரேசியின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது, உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று நான் இலையை எடுக்கத் திரும்பினேன்.

அம்மா உள்ளே வரவில்லை. சந்து வழியாக வந்து, வீட்டு வாசல்படியைத் தாண்டி, நேராக கேட்டுக்குப் போனாள். அங்கே எங்கள் புதுத் தரை முடிந்து தெருவின் பழைய கான்கிரீட் தொடங்குகிறது. பிளந்து, பெயர்ந்து, நடுவில் மண் தெரியும் கான்கிரீட். வாக்கரின் முன்கால்கள் எங்கள் விளிம்பில் நின்றன. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தெருவின் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"இன்னா, இங்கயே நிறுத்திட்டீங்க?"

"அம்மா, பாத்ரூம் வரைக்கும்தானே பேச்சு" என்றான் தம்பி.

"நான் பாத்ரூம் போறதுக்காடா பெங்களூர்லருந்து வந்தேன்?"

 நானே ரசித்து ரசித்துப் போட்ட தரை, திடீரென்று ஒரு கைக்குட்டை அகலத்துக்குச் சுருங்கிப்போய்க் கிடந்தது. ஒருத்தியை வீட்டுக்குக் கொண்டுவர வழி போட்டோம். வீட்டிலிருந்து அவள் எங்கே போவாள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

நைனாதான் முதலில் அசைந்தார். உள்ளே போய், மிஞ்சிய முளைகளையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தார். மகன் வரும் நாளுக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, உச்சி வெயிலில், தெருவில் இறங்கினார். கிரேசி வீட்டு வாசல் பக்கம் பார்த்து, எங்கள் கேட்டோரம் மண் தெரிந்த இடத்தில் முதல் முளையை அடித்தார். கொஞ்சம் தள்ளி, வாக்கர் போகிற அளவுக்கு இடம் விட்டு, இரண்டாவது முளையை ஊன்றிச் சுத்தியை ஓங்கினார்.

"இன்னும் தள்ளி அடி" என்றாள் அம்மா. "கிரேசியும் பக்கத்துல பேசிக்கினு வருவா இல்ல."